ஆடிஷன் ரொட்டேஷன் போகலாமா? அமெரிக்க ரெசிடென்சிக்குத் தயாராகும் சராசரி மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில் அமெரிக்க மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே அதிகம் அடிபடும் பேச்சு அவே ரொட்டேஷன். தன் கல்லூரியை விட்டு, ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) சேர ஆசைப்படும் வேறொரு மருத்துவமனைக்குப் போய் நான்கு வாரம் இன்டர்ன் மாதிரி வேலை பார்ப்பது. டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளில் இதை வெளிப்படையாகவே ஆடிஷன் என்பார்கள். பெயருக்கு அது ஒரு எலெக்டிவ், விருப்பப் பாடம். நடப்பதென்னவோ ஒரு மாதம் நீளும் நேர்முகத் தேர்வு.

மதிப்பெண்ணில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் தூக்கம் கெடுகிறது. போனால் நம் குறை தெரிந்துவிடுமோ, போகாவிட்டால் ஆர்வமில்லை என்று நினைப்பார்களோ என்று இரண்டு பக்கமும் பயம். ரெசிடென்ட்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் சராசரியாகத் தெரிந்தாலும் வார்டில் நன்றாக வேலை செய்யும் மாணவருக்கு இந்த நான்கு வாரம் கை கொடுப்பதுபோல் வேறெதுவும் கொடுக்காது. அதே மாணவர் அது தேவைப்படாத துறைக்காகவோ, எட்டாத இடத்துக்கோ, தயாராகாமலோ போனால் காசும் போகும், ஒரு நல்ல இடத்தின் கதவும் சாத்திக்கொள்ளும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே யோசியுங்கள்.

படி 1: நீங்கள் எதில் சராசரி?

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி 26 முதல் எண் கிடையாது. தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். ஒரு இடத்துக்கு நூறு பேருக்கு மேல் விண்ணப்பிக்கும் துறைகளில் சலித்தெடுக்க உதவிய எண் போய்விட்டதால், அந்தப் பாரம் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே மேலும், சிபாரிசுக் கடிதங்கள் மேலும், நேரில் பார்த்த அனுபவத்தின் மேலும் வந்து விழுந்திருக்கிறது. சராசரி மாணவருக்கு இது நல்லதும்தான், கெட்டதும்தான்.

எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் ஆண்டு வார்டுப் பயிற்சியான கிளார்க்‌ஷிப் மதிப்பீடுகள் அனைத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹானர்ஸ், ஹை பாஸ் என்ற தரங்கள், ஷெல்ஃப் (துறைத் தேர்வு) மதிப்பெண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, அட்டெண்டிங்குகளும் (பொறுப்பிலுள்ள மூத்த மருத்துவர்கள்) ரெசிடென்ட்களும் கைப்பட எழுதிய வரிகளை மட்டும் படியுங்கள். "நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்", "சொன்ன வேலையை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டார்", "இவர் எங்கள் இன்டர்னாக வந்தால் சந்தோஷம்" போன்ற வரிகள் இரண்டு மூன்று துறைகளிலிருந்து வந்திருக்கின்றனவா? அப்படியென்றால் உங்களைக் கீழே இழுத்தது தேர்வுத்தாள்தான். நேரில் பார்ப்பவர்கள் உங்களை உயர்த்திச் சொல்கிறார்கள். நீங்கள் போக வேண்டிய ஆள்.

மாறாக, "அமைதியானவர், இன்னும் தன்னம்பிக்கை வேண்டும்", "மேலும் படிக்க ஊக்குவிக்கிறோம்" என்ற வரிகளே திரும்பத் திரும்ப வருகிறதென்றால், தெரியாத மருத்துவமனைக்கு உடனே போவது உதவாது. முதலில் சொந்தக் கல்லூரியில் ஸப்-ஐ (இன்டர்ன் பொறுப்போடு செய்யும் ரொட்டேஷன்) செய்து, தினமும் யாரையாவது விடாமல் கேட்டு, அந்தக் குறையைச் சரிசெய்யுங்கள். அது சரியாகாமல் வெளியே போனால், நான்கு வாரமும் அதே குறையைப் புதியவர்கள் முன் காட்டிவிட்டு வருவதாகிவிடும்.

ஸ்டெப் தேர்வில் ஒருமுறை தோற்றவர்களின் நிலை தனி. சில இடங்களில் அத்தகைய விண்ணப்பத்தைக் கணினியே ஒதுக்கிவிடும். ரொட்டேஷன் போனால் ஒரு மனிதராவது அதைத் திறந்து படிப்பார். ஆனால் அந்த இடத்தில் விலக்கே இல்லாத விதி இருந்தால் போயும் பயனில்லை. ப்ரோகிராம் கோஆர்டினேட்டருக்கு இரண்டே வரியில் மின்னஞ்சல் எழுதி முன்கூட்டியே கேளுங்கள். இப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 2: உங்கள் துறைக்கு இது தேவையா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எலும்பு அறுவை சிகிச்சைக்குப் போகும் நண்பர் மூன்று ஊருக்குப் போகிறார் என்று, இன்டர்னல் மெடிசின் போகிறவரும் பெட்டியைக் கட்டுகிறார். துறைக்குத் துறை இதன் மதிப்பு வேறு.

எமர்ஜென்சி மெடிசினில் பேச்சுக்கே இடமில்லை, போயாக வேண்டும். அங்கே சாதாரணக் கடிதத்தைவிட ஸ்லோ என்று எல்லோரும் சொல்லும் எஸ்எல்ஓஇ கடிதம்தான் பேசும். ரெசிடென்சி நடத்தும் எமர்ஜென்சி துறை ஒரு குழுவாக உட்கார்ந்து, உங்களோடு அந்தப் பருவத்தில் வேலை செய்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு எழுதும் படிவம் அது. புகழுரைக்கு அதில் அதிக இடமில்லை, நேரடியாக எந்த வரிசையில் வருவீர்கள் என்றே எழுதுவார்கள். சொந்தக் கல்லூரியில் ஒன்று, வெளியே ஒன்று என்பது வழக்கம். நடுவரிசை என்று எழுதப்பட்ட ஸ்லோ யாரையும் மூழ்கடித்துவிடாது. அதே துறையில்தான் 2023 மேட்ச்சில் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறை) 550-க்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்பாமல் போயின. இங்கே சராசரி மாணவர் பயப்பட வேண்டியது, கூட வேலை செய்தவர்களிடம் எரிந்து விழுந்தார் என்று ஒரு வரி ஸ்லோவில் ஏறிவிடுவதற்குத்தான்.

ஆர்த்தோபீடிக்ஸ், நியூரோசர்ஜரி, ஈஎன்டி, பிளாஸ்டிக் சர்ஜரி ஆகியவை சின்னத் துறைகள். ஆர்த்தோவில் நாடு முழுக்க ஆண்டுக்கு 900 சொச்சம் இடங்கள்தான். ஒரு சிலர் ஐந்து முதல் ஏழு வருஷம் ராப்பகலாகச் சேர்ந்து வேலை செய்யப்போகிற இடம் என்பதால், தெரிந்த முகத்தையே எடுக்கப் பார்க்கிறார்கள். 2020-இல் கொரோனாவால் வெளி ரொட்டேஷன்கள் நின்றபோது, இப்படிப்பட்ட பல துறைகளில் சொந்தக் கல்லூரி மாணவர்களையே எடுக்கும் போக்கு கூடியது. நேரில் பார்த்த பழக்கத்துக்கு எவ்வளவு எடை என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. ஆர்த்தோவுக்குச் சராசரி மதிப்பெண்ணோடு போக நினைப்பவர் இரண்டு மூன்று ரொட்டேஷன்கள் போகாமல் விண்ணப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூடவே இன்னொரு துறையையும் மாற்றாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ரொட்டேஷன் கதவைத் திறக்கும், போட்டியைக் குறைக்காது.

ஜெனரல் சர்ஜரி, மகப்பேறு, மயக்கவியல் ஆகியவை நடுவில் நிற்கின்றன. ஒன்று போகலாம். காரணம் இருந்தால் மட்டும்.

இன்டர்னல் மெடிசின், குழந்தைகள் மருத்துவம், ஃபேமிலி மெடிசின், மனநல மருத்துவம் ஆகியவற்றில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. இன்டர்னல் மெடிசினில் மட்டும் ஆண்டுக்கு 10,000-க்கும் அதிகமான இடங்கள் உண்டு. அத்தனை பெரிய துறையில் ஒரு மருத்துவமனையில் ஒரு மாதத்தைச் செலவிடுவதைவிட, அந்த மாதத்தில் ஸ்டெப் 2-க்குப் படித்து பத்து மதிப்பெண் கூட எடுப்பது அதிக இடங்களில் உதவும்.

ஒரு எச்சரிக்கை. "ரொட்டேஷன் போனவர்களில் இத்தனை பேருக்கு அங்கேயே கிடைத்தது" என்று யாராவது கணக்குச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர்கள் அந்த இடத்தை ரொம்ப விரும்பியதால்தான் போனார்கள். விரும்பியதால் மேட்ச்சுக்குத் தரும் விருப்ப வரிசையான ரேங்க் லிஸ்ட்டிலும் மேலே போட்டார்கள். போனதால் மட்டும் கிடைத்துவிடவில்லை.

படி 3: எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நான் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் நான்கு. துறைக்கு வெளிக் கடிதம் கட்டாயம். உங்கள் கல்லூரியில் அந்தத் துறைக்கு ரெசிடென்சியே இல்லை. ஒரு குறிப்பிட்ட ஊருக்கோ மாநிலத்துக்கோ போயாக வேண்டும், ஆனால் அங்கே உங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அல்லது, அந்த ஒரு மருத்துவமனை உங்களுக்கு ஒத்துவருமா என்று உள்ளே போய்ப் பார்க்க விரும்புகிறீர்கள்.

இரண்டாவது காரணம் டிஓ மாணவர்கள் பலருக்குப் பொருந்தும். அவர்கள் கல்லூரியை ஒட்டிப் பெரிய மருத்துவமனை இருக்காது. எம்டி, டிஓ ரெசிடென்சி அங்கீகாரம் 2020-இல் ஒன்றான பிறகும், முன்பு டிஓ மாணவர்களை எடுத்துப் பழகாத இடங்களில் அவர்களைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். மூன்றாவது காரணம் நம் வீடுகளில் நிறைய வரும். மகள் மத்திய மேற்கில் படிக்கிறாள். அப்பா அம்மா நியூஜெர்சியில். திரும்பி வர ஆசை. அதற்கு நியூஜெர்சியில் ஒரு ரொட்டேஷன் நல்ல காரணம். ஆனால் விண்ணப்பத்தில் வீட்டு முகவரி ஏற்கெனவே அங்கே இருந்தால், ஊர்ப் பாசத்தை நிரூபிக்க ஒரு மாதம் தேவையில்லை. பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியும் ஒரு சிக்னலும் (இந்த இடத்தில் எனக்கு விருப்பம் என்று விண்ணப்பத்தோடு அனுப்பும், எண்ணிக்கை வரம்புள்ள குறி) போதும்.

"எல்லோரும் போகிறார்கள்" என்பதுதான் உங்கள் வாக்கியம் என்றால், போகாதீர்கள்.

படி 4: எட்டக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

சராசரி மாணவர்கள் செய்யும் பெரிய தப்பு, கனவு மருத்துவமனைக்குப் போவது. அங்கே அதே மாதம் வேறு பத்துப் பேர் வந்திருப்பார்கள், எல்லோரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு. நீங்கள் நன்றாகவே செய்தாலும் அந்தக் கூட்டத்தில் நடுவில்தான் தெரிவீர்கள்.

அந்த ரெசிடென்சியின் இணையதளத்தில் இப்போதைய ரெசிடென்ட்கள் பக்கத்தைத் திறங்கள். எந்தெந்தக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று மூன்று ஆண்டுக்குப் பாருங்கள். உங்கள் கல்லூரி போன்ற கல்லூரிகள் அதில் இருக்கின்றனவா? இருந்தால் அது உங்கள் இடம். பிறகு அங்கேயுள்ள ரெசிடென்ட் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். ரொட்டேஷன் வருகிற எல்லோருக்கும் இன்டர்வியூ தருகிறீர்களா? ஒரு பருவத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை இடம்? போன வருஷம் எடுத்தவர்களில் எத்தனை பேர் ரொட்டேஷன் வந்தவர்கள்? நான்கு இடத்துக்கு நாற்பது பேரை வரவழைக்கும் இடமும் உண்டு, நான்கு இடத்துக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டு எட்டுப் பேரையும் இன்டர்வியூ செய்யும் இடமும் உண்டு. இரண்டாவதைத் தேடுங்கள்.

படி 5: காசும் காலண்டரும்

விண்ணப்பம் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் விஎஸ்எல்ஓ தளம் வழியாகத்தான். மூன்றாம் ஆண்டின் குளிர்காலம் முடியும்போதே இடங்கள் திறக்கத் தொடங்கும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு தேதி. தடுப்பூசிப் படிவம், ஆன்டிபாடி அளவைக் காட்டும் டைட்டர் முடிவுகள், காசநோய் ரத்தப் பரிசோதனை, பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ், பின்னணிச் சோதனை, என்95 முகக்கவசப் பொருத்தம் எல்லாவற்றையும் பிப்ரவரிக்குள் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி டைட்டர் குறைவாக வந்து மறுபடி ஊசி போட வேண்டியதாகி இடத்தை விட்டவர்கள் உண்டு. இது படிப்புத் திறமைக்குச் சம்பந்தமே இல்லாத தோல்வி.

மாதத்தைப் பொறுத்தவரை ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்தான் பொன்னான காலம். விண்ணப்பங்கள் செப்டம்பர் கடைசியில் ரெசிடென்சிகளின் கைக்குப் போய்விடும். அதற்குள் கடிதம் வர வேண்டும். முதலில் சொந்தக் கல்லூரி ஸப்-ஐ, அதன் பிறகு வெளியே. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஸ்டெப் 2-வையும் முடித்துவிட்டால் நல்லது.

செலவை மறைக்காமல் எழுதிப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம், விமானம், அறை வாடகை, கார். அதுவும் சொந்த ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வாடகை நிற்காமல் ஓடும்போது. ஒரு மாதத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் சாதாரணமாகப் போய்விடும். கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. டல்லாஸிலோ எடிசனிலோ சித்தி வீடு இருந்தால் தாராளமாகத் தங்குங்கள், ஆனால் மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரத் தூரம் என்றால் வேண்டாம். காலை நாலரைக்கு வார்டில் நிற்க வேண்டிய சர்ஜரி ரொட்டேஷனில் தூக்கம்தான் முதலீடு. சித்தியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று. சில துறைகளும் கல்லூரிகளும் வெளி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகின்றன, கேட்டால்தான் கிடைக்கும்.

படி 6: அந்த நான்கு வாரம்

முதல் இரண்டு நாள் கணினி லாகின் வேலை செய்யாது, லிஃப்ட் எங்கே என்று தெரியாது. அது எல்லோருக்கும் தெரியும், அதற்காக யாரும் குறைவாக மதிப்பிட மாட்டார்கள். முதல் வாரத்துக்குள் அந்த இடத்தின் நடைமுறை கைவந்துவிடுகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

எதைப் பார்க்கிறார்கள் என்பதை ஒரு காட்சியாகவே சொல்கிறேன். காலை ரவுண்ட்ஸில் ஆறாவது படுக்கை. முந்தின நாள் சேர்ந்த இதயச் செயலிழப்பு நோயாளி. ஒரு மாணவி ஃபியூரோசமைட் கொடுத்த பிறகு வெளியேறிய சிறுநீர் அளவு, இன்றைய எடை, பொட்டாசியம் 3.2, அதற்கு என்ன கொடுக்க நினைக்கிறேன் என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். அட்டெண்டிங் எதிர்பாராத கேள்வி ஒன்று கேட்டார். "தெரியவில்லை, மதியத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்றாள். மதியம் மறக்காமல் வந்து, இரண்டே வரியில் சொன்னாள். இடைப்பட்ட நேரத்தில் நர்ஸிடம் போய், நோயாளி வீட்டில் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்ததைக் கேட்டறிந்து வந்திருந்தாள். அவளுடைய ஸ்டெப் மதிப்பெண்ணை அந்த வார்டில் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாதி மாத்திரையை ரெசிடென்ட் நினைவு வைத்திருந்தார்.

விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் ரேங்க் கூட்டத்தில் நடப்பதும் இதுதான். ஒரு பெயர் திரையில் வரும். அட்டெண்டிங்குகள் ரெசிடென்ட்கள் பக்கம் திரும்புவார்கள். "இவரோடு ராத்திரி மூணு மணிக்கு ஆன்-கால் டூட்டி பார்ப்பீர்களா?" பதில் பெரும்பாலும் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தை உங்களுக்காகச் சொல்லப்போகிறவர் ப்ரோகிராம் டைரக்டர் அல்ல, உங்களோடு வேலை செய்த இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். அதனால் டைரக்டர் முன்னால் மட்டும் சுறுசுறுப்பாக இருப்பது வீண்.

செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. உங்களுக்குக் கொடுத்த இரண்டு மூன்று நோயாளிகளைப் பற்றி இன்டர்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்கு என்றால், முந்தின ராத்திரியே அந்த அறுவை சிகிச்சையின் உடற்கூறைப் படித்துவிட்டுப் போங்கள். கட்டு மாற்றும் வேளையில் டேப்பும் கத்தரியும் உங்கள் பையில் இருக்கட்டும். இன்னொரு வெளி மாணவரிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அது அறையிலுள்ள எல்லோர் கண்ணிலும் படும். இரண்டாம் வாரக் கடைசியில் சீனியர் ரெசிடென்ட்டிடம் "மீதி இரண்டு வாரத்தில் நான் எதை மாற்றிக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை மறுநாளே செய்து காட்டுங்கள். மூன்றாம் வாரத்தில் டைரக்டரோடு பத்து நிமிடம் கேட்டு வாங்கி, ஏன் இந்த ஊர், ஏன் இந்த இடம் என்று உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். கடிதத்தையும் நேரில் கேளுங்கள், "எனக்காக வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று. தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு

மேலே இன்டர்னல் மெடிசினுக்குத் தேவையில்லை என்றது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு. சென்னையிலோ மதுரையிலோ எம்பிபிஎஸ் படிப்பவருக்குக் கணக்கே வேறு. உங்களுக்கு அமெரிக்க மருத்துவரிடமிருந்து கடிதம் வேண்டும், அதற்கு அங்கே வேலை செய்தாக வேண்டும். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ்கள் பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு மட்டும்தான். பட்டம் வாங்கிவிட்டால் பல இடங்களில் ஓரமாக நின்று பார்க்கும் அப்சர்வர்‌ஷிப்தான் மிஞ்சும். அந்தக் கடிதத்துக்கு எடை குறைவு. ஆகவே இறுதியாண்டிலேயே திட்டமிடுங்கள். சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் முடிவில் வரும் கட்டாய மருத்துவப் பயிற்சி) காலத்தில் இருப்பவரை மாணவராக ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையிடமும் எழுதிக் கேளுங்கள், இடத்துக்கு இடம் விதி மாறுகிறது. வெளிநாட்டு மருத்துவர்களை ரெசிடென்ட்களாக எடுத்துப் பழகிய இடத்துக்கே போங்கள். அமெரிக்க மாணவருக்குச் சொன்ன நான்காம் படி உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

படி 7: முடிந்த பிறகு

ரொட்டேஷன் போன இடத்துக்குச் சிக்னல் அனுப்ப வேண்டுமா என்பது துறையைப் பொறுத்தது. 30 சிக்னல்கள் உள்ள ஆர்த்தோவில் போன இடங்களுக்கும் அனுப்பிவிடுவதே வழக்கம். உங்கள் துறையின் அந்த ஆண்டு வழிகாட்டுதலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஆர்த்தோ போன்ற துறையில், போய்விட்டு வந்த இடத்துக்குச் சிக்னல் வராவிட்டால் விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

"உங்களை மேலே ரேங்க் செய்வோம்" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை நம்பி மற்ற இன்டர்வியூக்களை ரத்து செய்யாதீர்கள். அந்த வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது.

கடைசி வெள்ளிக்கிழமை ஊர் திரும்பும் முன், ரெசிடென்ட்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், தப்பு நடந்தபோது அட்டெண்டிங் எப்படிப் பேசினார், நான்காவது வாரத்திலும் உங்களுக்கு அங்கே போகப் பிடித்ததா என்று ஒரு பக்கம் எழுதி வைத்துவிடுங்கள். ஐந்து மாதம் கழித்து ரேங்க் லிஸ்ட் போடும்போது அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். மேட்ச்சின் கணக்கீடு 1998 முதல் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது; அவர்கள் எடுப்பார்களா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றுவதால் உங்களுக்கு லாபமில்லை. பிடித்த இடத்தை முதலில் போடுங்கள். அங்கே வாழ முடியாது என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தால், எவ்வளவு புகழ்ந்து கடிதம் கொடுத்திருந்தாலும் அந்த மருத்துவமனையைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். சேர்த்து, மேட்ச் ஆகிவிட்டால் நீங்கள் அங்கே போயாக வேண்டும்.